ஏரியா, துறைமுகமா?

மலையிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்ட பெஞ்சில் மாமியார் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்லலாம். முதுகுப் பையைக்கூடக் கழற்றவில்லை. பையும் அவருமாகச் சேர்ந்தே சாய்ந்தார்கள்.

"பையைக் கழட்டட்டுமா அத்தை?" என்று மருமகள் கேட்டாள்.

"வேணாம்மா, உனக்கு எதுக்கு சிரமம்."

"சிரமம் ஒண்ணும் இல்ல அத்தை."

"இருக்கட்டும்மா."

மலையில் இருந்த ஐந்து நாளும் இதே கதைதான். நடுவழியில் ஓர் ஓடையைக் கடக்கும்போது மாமியாருக்குக் கால் வழுக்கியது. மருமகள் பாய்ந்து அவர் பையைப் பிடித்து நிறுத்தினாள். முழங்கால்வரை பனித் தண்ணீரில், பல் கிட்டிப்போய் நின்றுகொண்டே ஒருவர் "ரொம்ப தேங்க்ஸ்மா" என்றார், மற்றவள் "பரவாயில்ல அத்தை" என்றாள். ஐயோ அம்மா என்று கத்திக்கொண்டு கரையேறுவதற்குக்கூட இருவருக்கும் கூச்சம்.

அவர்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ தேவலை. கல்யாணமாகி மூன்று வருடங்களாக ஒரே வீட்டில் இருந்தாலும், இருவருக்கும் நடுவே பேச்செல்லாம் மகன் வழியாகத்தான் போய்வந்தது. மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். "அத்தைக்கு இன்னும் கொஞ்சம் காபி வேணுமான்னு கேளுங்க" என்பாள் இவள். "போதும்னு சொல்லுடா" என்பார் அவர். அவன் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே சாப்பிட்டு முடிப்பான்.

மாமியார் போக்குவரத்துப் போலீசில் இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். ஊரிலேயே பெரிய நாற்சந்தியின் நடுவில் முப்பது வருடம் நின்றவர். அவர் ஊதினால் நான்கு தெருவும் கேட்கும் என்பதால் இலாகாவில் அவருக்கு 'விசில்' என்றே பெயர். மருமகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மகன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். எதையும் திட்டம் போட்டுச் செய்கிறவன். இந்த மலைப் பயணமும் அவன் திட்டம்தான். வழியில் தங்கும் குடில்களை மாதக்கணக்கில் முன்னாலேயே பதிவு செய்து, வரைபடங்களை மழையில் நனையாதபடி உறையில் போட்டு வைத்திருந்தான். இவ்வளவு திட்டம் போட்டும், கிளம்புவதற்கு முந்தின நாள் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தான். கணுக்கால் பந்து மாதிரி வீங்கியது. மருமகளே படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் கீறல்கூட இல்லை, வெறும் சுளுக்குதான் என்று சொன்னாள்.

"எல்லாம் புக் பண்ணியாச்சு. வீணாப் போகும். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றான் அவன்.

மாமியார் மறுத்துவிடுவார் என்று மருமகள் நம்பினாள். மருமகள் மறுக்கட்டும் என்று மாமியார் காத்திருந்தார். கடைசியில் இருவருமே மறுக்கவில்லை. அப்படித்தான் அந்த இரண்டு பேரும் மலையேறினார்கள்.

மலை அழகாகத்தான் இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேச்சில்லாத இரண்டு பேருக்கு அழகு எத்தனை நாள் தாங்கும்? மரம், பாறை, மேகம், மறுபடி மரம். ஒரு குருவி கத்தினால் அதுதான் அன்றைய செய்தி.

இப்போது மலையடிவாரத்து ரயில் நிலையத்தில் மாமியாரின் கைப்பேசிக்கு உயிர் வந்தது. மகன்தான். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா! இறங்கிட்டீங்களா? அவ எப்படி இருக்கா?"

"பக்கத்துலதான்டா உட்கார்ந்திருக்கா."

"சரி, அவகிட்ட சொல்லு, நான் நேத்தே ஏரிக்கு வந்துட்டேன். நீங்க நேரா இங்க வந்துடுங்க. ரூம் ஏரியைப் பார்த்த மாதிரி இருக்கு. ஒரு சத்தம் கிடையாதும்மா. ஊசி விழுந்தா கேட்கும். நாலு நாளைக்கு அப்படியே உட்கார்ந்து தண்ணியைப் பார்த்துட்டே இருக்கலாம்."

"ஆகட்டும்ப்பா" என்றார் மாமியார். மருமகள் தலையை ஆட்டினாள். பேச்சு முடிந்த பிறகு இருவரும் சிறிது நேரம் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. அந்த நிலையத்திலிருந்து ஒரு வண்டி கிழக்கே ஏரி நகரத்துக்குப் போகிறது; இன்னொன்று மேற்கே துறைமுக நகரத்துக்கு. படத்தில் இருந்தது துறைமுகம். ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும் பேருந்துகள், ஐந்து பக்கமிருந்தும் வந்து முட்டும் சாலைகள், விளக்குகள், தோளோடு தோள் உரசி நடக்கும் கூட்டம். மாமியார் படத்தின் இடது பக்கத்தைப் பார்த்தார், மருமகள் வலது பக்கத்தை. தான் பார்ப்பதை மற்றவர் பார்க்காதபடி இருவரும் பார்த்தார்கள்.

டிக்கெட் கவுண்டரில் வரிசை சின்னதுதான். இவர்களுக்குப் பின்னால் புத்தம் புதிய கை கழுவும் தொட்டி ஒன்றைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு குழாய்க்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் பூந்தொட்டியோடு ஒரு பெண், இன்னும் இரண்டு மூன்று பேர். கண்ணாடிக்கு உள்ளே கழுத்தில் மப்ளர் சுற்றி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"எங்கே போகணும்?"

"ஏரிக்கு..." என்று தொடங்கிய மருமகள் நிறுத்தினாள். "அத்தை, உங்களுக்கு ஏரி சம்மதம்தானே?"

"உனக்கு எதுவோ அதும்மா."

"இல்ல அத்தை, நீங்க சொல்லுங்க."

"நான் என்ன சொல்றது? நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணினது."

"நான் எங்க முடிவு பண்ணினேன்? உங்களுக்குப் பிடிக்கும்னு அவர்தான்..."

மப்ளர் அம்மாள் தும்மிவிட்டுச் சொன்னார்: "அம்மா, ஒரு வண்டி கிழக்கே போகுது, ஒரு வண்டி மேற்கே போகுது. நடுவுல நிக்கிற வண்டி எங்ககிட்ட இல்ல. சீக்கிரம் சொல்லுங்க."

குழாய்க்காரர் தொட்டியை மெதுவாகத் தரையில் இறக்கினார். இது இப்போதைக்கு முடிகிற காரியமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மாமியார் தொண்டையைச் செருமினார். "துறைமுகத்துக்கு வேணும்னா போகலாம்தான். ஆனா உனக்கு சத்தம் ஒத்துக்காதேம்மா. வீட்டுல டிவியைக்கூடக் குறைச்சுத்தானே வைப்பே?"

"உங்களுக்காகத்தான் அத்தை குறைச்சு வச்சேன்! உங்களுக்கு சத்தமே ஆகாதாமே?"

"எனக்கா?" மாமியார் முழுதாகத் திரும்பினார். "நடு ரோட்டுல முப்பது வருஷம் நின்னவ நான். எனக்கு சத்தம் ஆகாதுன்னு எவன் சொன்னான்?"

"உங்க பிள்ளைதான்!"

"அட, அவன் உனக்குத்தான் ஆகாதுன்னு எங்கிட்ட சொன்னான்! அப்போ நான் மூணு வருஷமா ஊமைப் படம் பார்த்ததெல்லாம் எதுக்கு?"

"நான் மட்டும் என்ன? உதட்டைப் பார்த்துத்தானே கதையைப் புரிஞ்சுக்கறேன்!"

பூந்தொட்டிக்காரி சத்தமாகச் சிரித்துவிட்டாள். மாமியாருக்கு அது காதில் விழவே இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டார். நாற்சந்தியில் நின்ற காலத்துக் குரல் தானாக எழும்பி வந்தது.

"வேற என்னல்லாம் எனக்காகப் பல்லைக் கடிச்சுகிட்டே? சொல்லு. இப்பவே சொல்லு."

"வேணாம் அத்தை. வருத்தப்படுவீங்க."

"சொல்லுடி!"

மூன்று வருடங்களில் அந்த வாயிலிருந்து மருமகளுக்கு 'ம்மா'தான் வந்திருக்கிறது; விருந்தாளிக்கு எடுத்து வைக்கும் நல்ல தட்டு மாதிரி ஒரு 'ம்மா'. 'டி' என்று அவளைக் கூப்பிட உலகத்தில் அவளைப் பெற்றவள் ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது. இப்போது இன்னொருவர் கேட்காமலே எடுத்துக்கொண்டார். கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு வாய் தைரியமாகத் திறந்துகொண்டது.

"குறட்டை!" என்றாள். "நீங்க குறட்டை விடறீங்க அத்தை!"

"நானா? குறட்டையா?"

"மலையில பக்கத்து ரூம்ல இருந்தவங்க பனிச்சரிவு வருதுன்னு கதவைத் திறந்து பார்த்தாங்க. நான்தான் மன்னிப்பு கேட்டு அனுப்பி வச்சேன். ஒரு ராத்திரிகூட நான் ஒழுங்கா தூங்கலை."

வரிசை குலுங்கியது. மாமியார் விடுகிற ஆள் இல்லை.

"ஓஹோ. உன் சூப்பு மட்டும் ரொம்ப ஒழுங்கோ? தினம் தினம் அந்த மஞ்சள் கலர் பாக்கெட் பொடியைக் கரைச்சு ஊத்தினியே, நாக்கு செத்தே போச்சு! மரியாதைக்கு ஒரு நாள் 'பிரமாதம்மா'ன்னு சொல்லித் தொலைச்சேன். அதோட மாட்டிகிட்டேன்."

"ஐயோ, எனக்கும் அது பிடிக்கவே பிடிக்காது அத்தை! உங்களுக்குப் பிடிச்சுப் போச்சேன்னு மத்த பாக்கெட்டையெல்லாம் வழியில வந்தவங்களுக்குக் குடுத்துட்டு அதையே போட்டேன்!"

"மத்த பாக்கெட்டா? என்ன இருந்துது அதுல?"

"தக்காளி. காளான். கோழி."

"கோழியைக் குடுத்துட்டியா?" மாமியார் நெஞ்சில் கை வைத்தார். "பாவி!"

முதலில் சிரித்தது யார் என்று பிறகு இருவருக்குமே நினைவில்லை. மாமியார் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருமகள் அவர் பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மப்ளர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜலதோஷத்தினாலா என்று சொல்ல முடியாது.

"சரி, இப்பவாவது உள்ளதைச் சொல்லு" என்றார் மாமியார், மூச்சு வந்ததும். "உனக்கு எங்கடி போகணும்?"

"நீங்க முதல்ல..." என்று ஆரம்பித்தவள், மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள். "துறைமுகத்துக்கு. நாள் முழுக்க இருட்டு ரூம்ல நின்னு 'மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க, விடுங்க'ன்னு சொல்லிச் சொல்லி எனக்கே மூச்சு முட்டுது அத்தை. அங்க வர்றவங்க யாரும் சிரிச்சுகிட்டு வர்றதில்ல. எனக்குக் கூட்டம் பார்க்கணும். கைவீசி அசையற கூட்டம். யாராவது என் தலையை அலசி விடணும். காலைக் கடிக்காத ஒரு செருப்பு வாங்கணும். நீங்க?"

மாமியாருக்குச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. சுவரில் இருந்த படத்தைக் காட்டினார்.

"அந்த முக்கு தெரியுதா? அஞ்சு ரோடு சேருது. நான் நின்னது நாலு ரோட்டுலதான். அந்த மாதிரி ஒரு இடத்துல மேல மாடியில ஜன்னலோரமா உட்கார்ந்து, கையில காபி வச்சுகிட்டு, யார் இடிச்சா என்ன, யார் மாட்டினா என்ன, எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லன்னு வேடிக்கை பார்க்கணும். வேலையில இருந்த வரைக்கும் ரோட்டை வேடிக்கையா ஒரு நாள் பார்த்தது கிடையாது."

"அப்போ துறைமுகம்?" என்றார் மப்ளர் அம்மாள்.

"துறைமுகம்!" என்றார்கள் இருவரும்.

"அதான் நல்லது" என்றார் குழாய்க்காரர், தொட்டியை மறுபடி தூக்கியபடி. "ஏரியில பார்க்க என்ன இருக்கு? தண்ணி. தண்ணியை நான் தினம் பார்க்கிறேன்."

டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் மகன் ஞாபகம் வந்தது. "நீங்க பேசுங்க அத்தை." "உன் புருஷன், நீ பேசு." இந்தத் தடவை அது உபசாரம் இல்லை; யார் தலையில் கட்டலாம் என்ற போட்டி. கடைசியில் மருமகள்தான் அழைத்தாள்.

"என்னங்க, நாங்க ஏரிக்கு வரலை. அத்தையும் நானும் துறைமுகத்துக்குப் போறோம்."

"ரெண்டு பேருமா? சேர்ந்தா?"

"சேர்ந்துதான்."

"இங்க எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? இன்னிக்குக் காலையில மட்டும் ஏரியை ரெண்டு தடவை சுத்தி வந்தேன்..."

மருமகளின் புருவம் உயர்ந்தது. மாமியார் கைப்பேசியைக் கையிலிருந்து வாங்கினார்.

"ஏன்டா, எந்தக் காலால சுத்தினே?"

"காலா? அது வந்து..."

"வண்டியை ஓரம் கட்டு" என்றார் மாமியார். சின்ன வயதிலிருந்து அவனிடம் உண்மையை வரவழைக்க அவர் சொல்லும் வாக்கியம் அது. "கால் எப்ப சரியாச்சு?"

"நீங்க கிளம்பின... மறுநாளே வீக்கம் வத்திடுச்சும்மா."

"மறுநாளே கார் பிடிச்சு வந்து எங்களோட சேர்ந்திருக்கலாமேடா!"

"சேர்ந்திருக்கலாம்" என்றான் அவன். பிறகு, கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு வரும் ஒரு தைரியத்தோடு படபடவென்று கொட்டினான். "வந்தா என்ன ஆகியிருக்கும்? 'அத்தைக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க', 'வேணாம்னு சொல்லுடா'. மலை உச்சியில நின்னுகிட்டும் நான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிட்டே இருக்கணும். எனக்குக் கழுத்து வலிக்குதும்மா. நான் வீட்டுல புருஷனா, பிள்ளையா, தபால்காரனா? நான் இல்லைன்னா வேற வழியில்லாம நீங்களே பேசித்தானே ஆகணும்னு விட்டுட்டேன். திட்டணும்னா திட்டு."

மாமியார் மருமகளைப் பார்த்தார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதை அவனிடம் ஒப்புக்கொள்ள இருவருக்குமே மனம் வரவில்லை.

"டிவி விஷயத்துல ரெண்டு பக்கமும் சொல்லி வச்சது யாரு?" என்று மருமகள் குறுக்கே கேட்டாள்.

"அது... எனக்குத்தான் சத்தம் ஆகாது" என்றான் அவன், சின்னக் குரலில். "பசங்க பேப்பர் திருத்தணும்ல."

"உன்னை நேர்ல பார்த்துக்கறோம்" என்றார் மாமியார். "நீ அங்கயே இரு. தண்ணியைப் பாரு."

"இங்கயே இருக்கலாமா?" அவன் குரலில் வந்த சந்தோஷத்தை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. "சாப்பாட்டைக் கட்டில்கிட்டயே கொண்டு வந்து தர்றாங்கம்மா."

துறைமுக வண்டி வந்தது. இருவரும் எதிரெதிரே ஜன்னலோரம் பிடித்து, ஷூக்களைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டினார்கள். கால்களின் நிலையைப் பார்த்து எதிர் வரிசைக்காரர் எழுந்து வேறு இடம் தேடிக்கொண்டார். வழி நெடுக மாமியார் தூங்கினார். மருமகள் இந்தத் தடவை கூச்சப்படாமல் அவர் முழங்காலைத் தட்டினாள். "அத்தை, பனிச்சரிவு." அவர் கண்ணைத் திறக்காமலே பக்கவாட்டில் சாய்ந்துகொண்டார். சத்தம் நின்றது. இவ்வளவுதான் விஷயம் என்று தெரிந்திருந்தால் மலையிலும் தூங்கியிருக்கலாமே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

துறைமுகத்தில் சாயங்கால வெயில். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரே நேரத்தில் பத்து வண்டிகள் ஹாரன் அடித்தன. மாமியார் நின்று, நல்ல வாசனை வந்தால் இழுப்பதுபோல் மூச்சை இழுத்தார். டீசல் புகை, வறுத்த உருளைக்கிழங்கு, கொஞ்சம் மீன். "ஆகா" என்றார்.

ஐந்து சாலை முக்கிலேயே ஒரு ஓட்டல் கிடைத்தது. வரவேற்பில் இருந்த இளைஞர் தயங்கினார். "முன்பக்க ரூம்தான் உடனே கிடைக்கும். ஆனா அங்க ரோட்டு சத்தம் தாங்காது. கொஞ்ச நேரம் காத்திருந்தீங்கன்னா பின்பக்கம் ஒரு அமைதியான..."

"வேண்டவே வேண்டாம்" என்றார்கள் இருவரும். அவர் சாவியை அவசரமாக எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த இரண்டு நாளும் அவர்கள் ஆசை தீர ஊர் சுற்றினார்கள். ஒரு அழகு நிலையத்தில் அருகருகே தலையைச் சாய்த்து, யாரோ இரண்டு பேர் விரல் விட்டு அலச, மலைத் தூசி முழுவதும் தண்ணீரோடு வழிந்து ஓடுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தார்கள். ஓட்டல் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு மாமியார் கையில் காபியோடு சாலையைப் பார்த்தார். ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டு நான்கு பேருந்துகள் நின்றபோது அவர் கை தானாக மேலே எழுந்தது. பிறகு அதே கையால் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் காபியில் நனைத்துக்கொண்டார். மருமகள் செருப்புத் தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்கள் என்று சொல்ல முடியாது. மாமியாருக்கு அடிதடிப் படம் வேண்டும். அவளுக்கு அழுகைப் படம் வேண்டும். அவளுக்கு மாலையில் நடக்க வேண்டும்; "இனிமேல் இந்த ஜென்மத்துல நடக்க மாட்டேன்" என்றார் அவர். ஒரு மத்தியானம் உண்மையாகவே கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள். பசி எடுத்ததும் ஒரே கடை வாசலில் சந்தித்து, எதுவும் நடக்காததுபோல் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் மகன் வந்து இறங்கினான். தண்ணீரைப் பார்த்தது போதும் என்று ஆகிவிட்டதாம். நிலைய வாசலில் தன்னை வரவேற்க வந்து நிற்கும் இரண்டு பேரையும் தூரத்திலிருந்தே பார்த்தான். இருவரும் இவன் வரும் பக்கம் திரும்பவே இல்லை. கைகளை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மீன் மார்க்கெட் வழியாப் போனாத்தான் கிட்ட" என்றார் மாமியார்.

"அது சுத்து வழி அத்தை. நேத்து நான் போனேன்."

"முப்பது வருஷம் ஊருக்கே வழி சொன்னவடி நான்."

"அது அந்த ஊர். இது இந்த ஊர்."

மகன் பயந்துபோய் ஓடி வந்து நடுவில் நின்றான். "அம்மா, அவ என்ன சொல்றான்னா..."

"நீ சும்மா இருடா!"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!"

செருப்புப் பைகள் இரண்டும் அவன் கைக்கு வந்தன. இன்னும் முடியாத வாதத்தோடு அவர்கள் முன்னால் நடந்தார்கள். மீன் மார்க்கெட்டும் இல்லாமல் நேர் சாலையும் இல்லாமல் புதிதாக ஏதோ ஒரு சந்துக்குள் திரும்பினார்கள். மகன் பைகளை மாற்றிப் பிடித்துக்கொண்டு, மூன்று வருடங்களுக்குப் பிறகு கழுத்தை எந்தப் பக்கமும் திருப்பாமல், நேராகப் பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தான்.